கால் கிலோ காபித்தூளும் நாலு மாடவீதியும்!

காலை நேரத்தில் மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றி நடந்திருக்கீங்களா? கபாலீஸ்வரர் கோயில் வாசலில் பூ வாசனை. தெற்கு மாடவீதிக்குத் திரும்பினால் பச்சைக் காய்கறி வாசனை. நடுவில் திடீர்னு ஒரு வாசனை வந்து காலைக் கட்டிப்போடும். எங்கேயோ காபிக்கொட்டை வறுபடுதுன்னு அர்த்தம்.

'கூர்மே' கடைன்னு சொன்னாலே கண்ணாடிக் கதவு, ஏ.சி, வெளிநாட்டு சீஸ் எல்லாம்தான் நினைவுக்கு வரும். ஆனால், கொட்டையின் ரகம், வறுவல், அரைவை மூன்றையும் உங்க நாக்குக்கு ஏற்றபடி பார்த்துக் கலந்து தருகிற காபித்தூள் கடையும் அதே ஜாதிதான். என்ன, பந்தா மட்டும் கிடையாது.

பலகையில் இருக்கும் பெயர்கள்

கடைப் பலகையில் 'பீபெர்ரி', 'பிளான்டேஷன் ஏ', 'ரொபஸ்டா' என்றெல்லாம் எழுதியிருக்கும். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒரே ஒரு கொட்டை மட்டும் உருண்டையாக வளரும். அதுதான் பீபெர்ரி. கிடைப்பது குறைவு என்பதால் விலை கொஞ்சம் அதிகம். பிளான்டேஷன் என்பது பழத்தின் தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. 'ஏ' என்பது கொட்டையின் அளவைக் குறிக்கும் தரம். இவை இரண்டும் மணத்துக்கு. ரொபஸ்டாவில் கசப்பும் கஃபைனும் தூக்கல். 'ஸ்ட்ராங்கா வேணும்' என்பவர்களுக்கு அதைக் கொஞ்சம் சேர்ப்பார்கள்.

சிக்கரி வில்லனா?

இல்லை. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். காயவைத்து, வறுத்து, பொடித்துச் சேர்க்கிறார்கள். அதில் கஃபைன் கிடையாது. ஃபில்டரில் தண்ணீர் மெதுவாக இறங்கவும், டிகாக்‌ஷன் கெட்டியாக, கறுப்பாக வரவும் உதவும். அளவு மீறும்போதுதான் பிரச்னை. காபி - சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவிகிதம் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டில் எது எத்தனை சதவிகிதம் என்று அச்சிட்டிருக்கும். விலையைப் பார்க்கிற நாம் அதைப் பார்க்கிறோமா? தெருக்கடையில் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை. '80-க்கு 20' என்று நீங்கதான் சொல்லப்போறீங்க.

பக்கத்தில் இருப்பதுதான் பலம்

வறுத்த கொட்டை மெதுவாகத்தான் மணத்தை இழக்கும். அரைத்துவிட்டால் கதை வேறு. துகள் துகளாக உடைந்ததும் எல்லாப் பக்கமும் காற்று படும். சில நாள்களிலேயே வாசனை இறங்கிவிடும். அதனால்தான் அந்தக் காலத்துப் பாட்டிகள் மொத்தமாக வாங்கி வைக்காமல், வாரம் ஒருமுறை கால் கிலோ என்று வாங்கினார்கள். வாராவாரம் போகணும்னா கடை நடக்கிற தூரத்தில் இருக்கணும். நல்ல காபிக்கு நல்ல கொட்டை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் கடை இருக்கும் இடம்.

மாடவீதிக்கும் இதே கணக்குதான். காய் வாங்க வந்தவர் பூ வாங்குவார். கச்சேரி சாலையின் 'டப்பா செட்டி' கடைக்கு லேகியத்துக்காக வந்தவர், போகிற வழியில் காபித்தூளும் வாங்குவார். ஒரு கடையின் வாடிக்கையாளர்தான் பக்கத்துக் கடையின் வாடிக்கையாளர். இந்தச் சுற்றில் ஒரு கண்ணி அறுந்தால் மற்ற எல்லாக் கடைகளுக்கும் அடிதான்.

இப்போது அந்தச் சுற்று கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகத் திருமயிலையில் பூமிக்கு அடியில் ரயில் நிலையம் கட்டுகிறார்கள். லஸ் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிட்டதில், 'அங்கே யார் போய் வண்டியை நிறுத்துறது?' என்ற அலுப்பு பலருக்கு. செல்போனில் தட்டினால் பாக்கெட் வாசலுக்கே வருகிறது. வசதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால், அந்தப் பாக்கெட் என்றைக்கு அரைத்தது என்பதையும் தேடிப் பாருங்க. மெட்ரோ வந்த பிறகு மயிலாப்பூர் வருவது சுலபமாகிவிடும். அதுவரை இந்தச் சின்னக் கடைகள் தாக்குப்பிடிக்கணும். அது பாதி நம்ம கையில்தான் இருக்கு.

கடையில் என்ன கேட்கலாம்?

'ஃபில்டருக்கு' என்று முதலிலேயே சொல்லிடுங்க. ரொம்ப நைஸாக அரைத்தால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். கொரகொரப்பாக இருந்தால் தண்ணீர் விறுவிறுவென இறங்கி டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். முதல்முறை 100 கிராம் மட்டும் வாங்கிக் குடித்துப் பார்த்து, அடுத்த வாரம் கலவையை மாற்றச் சொல்லுங்க. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரக் கரண்டி படாமல் வைத்தால் போதும்.

நாலாவது வாரம் நீங்க வாயைத் திறப்பதற்குள், 'அதேதானே?' என்று கேட்டபடி கடைக்காரர் மெஷினை ஓடவிடுவார். எந்த ஆப்பிலும் கிடைக்காத சர்வீஸ் அது!