தூங்கும் கையை எழுப்புவோம்

மைசூரில் ஒரு வீடு. எட்டு மாதக் குழந்தை விளையாடுகிறது. கிலுகிலுப்பையை எப்போதும் இடது கையால்தான் பிடிக்கிறது. வலது கை மூடியே இருக்கிறது.

"பாப்பாவுக்கு இடது கைப் பழக்கம் போல" என்று பாட்டி சிரிக்கிறார். அம்மாவுக்கோ கவலை.

அம்மாவின் கவலை சரியானது. ஒரு வயதுக்கு முன் குழந்தைகள் இரண்டு கைகளையும் நீட்டும். ஒரே கையை மட்டும் நீட்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது?

வலது கையை இயக்குவது மூளையின் இடது பக்கம். இடது கையை இயக்குவது மூளையின் வலது பக்கம். பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த பின்போ மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்படலாம். அப்போது எதிர்ப்பக்கக் கையும் காலும் இறுகும். இது மூளை முடக்குவாதத்தில் ஒரு வகை. இது தொற்றாது. சாபமும் அல்ல. தாயின் குற்றமும் அல்ல.

மூளையில் பட்ட காயம் மறையாது. ஆனால் கை பழகும். பழக்காவிட்டால் குழந்தை அந்தக் கையை மறந்தே போகும்.

எப்படிப் பழக்குவது?

ஒரு முறையில், நல்ல கைக்கு உறை மாட்டுவார்கள். தினமும் சில மணி நேரம் மற்ற கையால் விளையாட விடுவார்கள். அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டாப் ஆராய்ந்த முறை இது. பயிற்சியாளர் சொல்லாமல் நாமே கையைக் கட்டக் கூடாது.

இன்னொரு முறை, இரண்டு கைகளுக்கும் சேர்த்து வேலை கொடுப்பது. அவரைக்காய் உரிக்கலாம். சப்பாத்தி மாவு பிசையலாம். டப்பா மூடியைத் திறக்கலாம். ஒரு கை பிடிக்கும், மறு கை வேலை செய்யும். இறுகிய கையை வலிக்க இழுக்கக் கூடாது. குழந்தையைத் திட்டவும் கூடாது. விளையாட்டுப் போல் தினமும் செய்ய வேண்டும்.

எங்கே போவது?

மைசூரில் செலுவாம்பா அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவர்கள் இருக்கிறார்கள். பேச்சும் சரியாக வராவிட்டால் மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்திய பேச்சு, கேட்பு நிறுவனத்துக்குப் போகலாம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். இந்தத் திட்டம் 2013-இல் தொடங்கியது.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் ஊனமாக ஏற்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சான்றிதழ் வாங்குங்கள். பல உதவிகளுக்கு அது தேவை.

"வளர்ந்தால் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் தொடங்கினால் கை நன்றாகப் பழகும். நாளை அந்தக் குழந்தை தன் சட்டைப் பொத்தானைத் தானே போடும்.