ஆடும் நாற்காலிக்கு ஆணியா மருந்து?

நாற்காலி ஆடினால் நாம் முதலில் தேடுவது ஆணியையும் சுத்தியலையுந்தான். அடித்த அன்று ஆட்டம் நிற்கும். சில மாதம் சென்றால் முன்னிலும் மோசமாக ஆடும். அஃது ஏன்? விடை மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

கோலார் தங்கவயலில், பாலகாட்டில் வளர்ந்தவன் நான். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயிற்று, அந்நாளில் தச்சர் கையால் செய்த கட்டிலும் நாற்காலியும் எங்களிடம் எஞ்சின. நிலத்தடியில் கல்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்களுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். என் பாட்டனார் இன்றும் கைநாற்காலியில் சாய்ந்தபடியேதான் உறங்குகிறார். அவருக்கு அந்த நாற்காலியின் மூட்டு உறுதியாக இருப்பது அழகைப் பற்றிய செய்தி அன்று.

சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கிய பகுதி கழுந்து. அது காலில் வெட்டிய துளைக்குள் புகுந்து நிற்கிறது. மரம் ஈரக் காற்றில் நீரை உறிஞ்சும். வறட்சியில் அதை விட்டுவிடும். அப்போது நார் ஓடும் நீளவாக்கில் அநேகமாக மாறுதல் இராது. குறுக்குவாக்கிலோ பருக்கும், சுருங்கும். கழுந்தின் அகலம் குறுக்குவாக்கு. துளையின் நீளமோ காலின் நீளவாக்கு. ஆகவே மழைக்காலத்தில் கழுந்து பருக்க, துளை இடங்கொடுப்பதில்லை. நார்கள் நசுங்குகின்றன. கோடையில் சுருங்கும்போது கழுந்து தன் பழைய பருமனிலும் குறைந்துவிடுகிறது. இறுக்கமாகச் செய்த மூட்டே தளர்வதன் இரகசியம் இதுதான்.

நம் பழக்கமும் இதற்குத் துணை செய்கிறது. இருக்கைச் சட்டத்துக்கு 40 செ.மீ. மேலே, முதுகால் 10 கிலோ எடையளவு தள்ளுவதாகக் கொள்வோம். சட்டத்தின் உயரம் 5 செ.மீ. ஆனால், நெம்புகோல் விதிப்படி மூட்டுகளில் எட்டு மடங்கு, அதாவது 80 கிலோ அளவு விசை விழும். இரு பக்கமும் பங்கிட்டால் பக்கத்துக்கு 40. பின்னங்கால்களில் நாற்காலியைச் சாய்த்து ஆடும் விடுதி நண்பர்கள் இக்கணக்கை நினைவில் வைப்பார்களாக!

ஆணி என்ன செய்கிறது? மெலிந்த கழுந்தைப் பிளக்கிறது. துருப்பிடித்துத் தன் துளையைத் தானே பெரிதாக்குகிறது. பின்னர் மூட்டைப் பிரிக்கவும் தடையாகிறது.

சரியான முறை இது. முதலில் ஒவ்வொரு மூட்டிலும் அடையாளம் இடுங்கள். ஆணியோ மூங்கில் முளையோ இருந்தால் அதனை அகற்றி, பலகைத் துண்டொன்றை இடையில் வைத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிப் பிரியுங்கள். பழைய வச்சிரப் பசையானால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினால் இளகும். பிறகு பசையைச் சுரண்டி எடுங்கள். இக்காலத்து வெள்ளைப் பசை, காய்ந்த பழம் பசையின்மேல் பற்றாது. புது மரத்தையே பற்றும்.

கழுந்து மெலிந்திருந்தால் அதன் பக்கங்களில் மெல்லிய மரச் சீவலை, நார் ஒரே திசையில் ஓடும்படி ஒட்டி, காய்ந்தபின் உளியால் செதுக்குங்கள். கையால் அழுத்தினால் புகவேண்டும். சுத்தியல் கேட்டால் பருமன் அதிகம், தானாக விழுந்தால் குறைவு. கழுந்து முறிந்தேபோனால், சட்டத்தின் முனையிலும் துளை வெட்டி, தனித் துண்டொன்றைக் கழுந்தாகச் செருகலாம்.

இரு பக்கமும் பசை தடவிச் சேர்த்து, கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவே குச்சியைச் செருகி முறுக்குங்கள். இருக்கையின் இரு மூலைவிட்டங்களும் ஒரே அளவா என்று நூலால் பாருங்கள். இல்லையேல் நாற்காலி கோணலாகவே காய்ந்துவிடும். ஒரு நாள் முழுவதும் யாரும் அமர வேண்டாம்.

நண்பர்களே! இதற்கு வேண்டியது சிறிது பசை, ஒரு கயிறு, ஒரு நாள் பொறுமை. விடுமுறைக்கு ஊர் சென்றதும் வீட்டு நாற்காலிகளைச் சற்றே அசைத்துப் பாருங்கள். படித்த பௌதிகம் முதலில் நம் வீட்டு முதியவர்களைத் தாங்கட்டும்.