ஒட்டுப் போடும் மென்பொருள்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கணிப்பொறியில் என்ன படிக்கிறாய் என்று அம்மா கேட்டால், கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது என்பேன். வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. இயக்க அமைப்பு என்னும் பெருநிரலில் பிழைகள் இருந்தே தீரும். அவற்றுள் சில, திருடன் நுழையும் ஓட்டைகள். அவற்றை அடைக்க வருவதே ‘பேட்ச்’ எனப்படும் ஒட்டு.

வீட்டுக் கணிப்பொறி தானே ஒட்டுப் போட்டுக்கொள்ளும். ஒரே நிறுவனத்தில் ஆயிரம் கணிப்பொறிகள் இருந்தால்? மைக்ரோசாப்டின் டபிள்யு.எஸ்.யு.எஸ். என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2003 அக்டோபர் முதல், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஒட்டுகள் வெளியாகின்றன. நிறுவனத்தின் சர்வர் அவற்றை ஒரே முறை இறக்கி, பாதுகாப்பு ஒட்டு, டிரைவர் என வகை பிரித்துக்கொள்ளும். பெரும்பாலான ஒட்டுகளுக்குக் கே.பி. எண் உண்டு. புதிய ஒட்டு பழையதை விழுங்கிவிட்டால் அதுவும் குறிக்கப்படும்.

சர்வர் யாரையும் தேடிப் போவதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. கணிப்பொறிகளே ஏறத்தாழ 22 மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, ‘எனக்கு ஏதேனும் உண்டா?’ என்று கேட்கின்றன. எல்லாம் ஒரே வேளையில் மொய்க்காதிருக்க, அந்த நேரம் கணிப்பொறிக்குக் கணிப்பொறி சிறிது மாறும். நிர்வாகி முதலில் சோதனைக் குழுவுக்கு மட்டும் அனுமதி தருவார். பழுது நேரவில்லையெனில் மற்றவற்றுக்கு.

ஒட்டே சில வேளை நல்ல மென்பொருளை முடக்கிவிடும். எனவே இந்த எச்சரிக்கை நியாயமே. ஆனால் எத்தனை நாள் பொறுப்பது? 2017 மார்ச் 14 அன்று எம்.எஸ்.17-010 என்னும் ஒட்டு வெளியாயிற்று. மே 12 அன்று, அது அடைக்க வந்த ஓட்டை வழியாகவே வானாகிரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. இடையில் 59 நாள்கள்! இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் ரத்தாயின. அங்கே நச்சுநிரல் புகுந்த கணிப்பொறிகளில் பெரும்பாலானவை ஒட்டுப் போடாத விண்டோஸ் 7 உடையவை. நோயாளி என்ன பிழை செய்தார்?

ஆகையால் இம்மென்பொருளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அறிக்கைப் பக்கத்தை. எந்தக் கணிப்பொறிக்கு ஒட்டுப் போட்டாயிற்று, எதற்குத் தேவை, எதில் தோற்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். ‘மறுதொடக்கத்துக்குக் காத்திருக்கிறது’ என்றும் ஒரு நிலை உண்டு. பயன்பாட்டில் இருக்கும் கோப்பை மாற்ற இயலாது. கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்கும் வரை பழைய ஓட்டை திறந்தே கிடக்கும்.