விடையிலிருந்து பிறக்கும் புதிர்

சதுரக் கட்டங்களில் குழாய்த் துண்டுகளோ கம்பித் துண்டுகளோ தாறுமாறாகத் திரும்பிக் கிடக்கும். ஒவ்வொரு டைலையும் தொட்டுச் சுழற்றி, எல்லாம் ஒரே வலைப்பின்னலாக இணையும்படி செய்ய வேண்டும். கைபேசியில் பலரும் ஆடியிருக்கக்கூடிய ஆட்டம்தான். இந்தக் குடும்பத்தின் மூத்த உறவான ‘பைப் மேனியா’ 1989-இல் வந்தது. திரவம் பாய்ந்து வருவதற்குள் குழாய்களைப் பொருத்தச் சொல்லிப் பதறவைத்தது. சைமன் டேத்தம் 2004-இல் தொடங்கிய புதிர்த் தொகுப்பிலுள்ள ‘நெட்’ அப்படி விரட்டுவதில்லை, யோசித்தால் போதும். பார்வைக்கு இவ்வளவு எளிதாக இருப்பதால், இதை உருவாக்குவதில் உள்ள சிரமமெல்லாம் படம் வரைவதிலும் டைலைச் சுழலவைப்பதிலும்தான் என்று தோன்றும். அவை சின்ன வேலைகள். நல்ல புதிரை அலுக்காமல் தயாரித்துத் தரும் நிரலை எழுதுவதுதான் பெரிய வேலை.

அந்த நிரல் புதிரை உண்டாக்குவதில்லை, விடையை உண்டாக்குகிறது. ஒரு கட்டத்தில் தொடங்கி, காலியாக உள்ள பக்கத்துக் கட்டத்துக்கு ஓர் இணைப்பு, அங்கிருந்து இன்னொன்று என்று, எங்கும் வளையம் மூடாமல் கிளைபரப்பிக்கொண்டே போகும். 5×5 பலகை என்றால் 25 கட்டங்களும் 24 இணைப்புகளில் அடங்கிவிடும். அதன் பிறகுதான் டைல்களைக் கண்டபடி திருப்பிவிடுகிறது. தலைகீழாக வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. 1880 வாக்கில் அமெரிக்காவை ஆட்டிப்படைத்த 15 எண் நகர்த்துப் புதிரில், எண்களை எடுத்து இஷ்டத்துக்கு அடுக்கினால் சரிபாதி அடுக்குகளுக்கு விடையே கிடையாது. ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879-இலேயே அதைக் கணித முறையில் காட்டினார்கள். விடையைக் கலைத்துப் பெற்ற புதிரில் இந்த விபத்து நேராது.

ஆனால் விடை இருந்தால் மட்டும் போதாது, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் புதிரைத் தானே போட்டுப் பார்க்கும் இரண்டாவது நிரல் வருகிறது. ஒரு டைலுக்கு அதிகபட்சம் 4 நிலைகள் என்று கொண்டால் 5×5 பலகையில் 11 கோடி கோடிக்கும் மேற்பட்ட அமைப்புகள். எல்லாவற்றையும் அது சோதிப்பதில்லை, மனிதரைப் போலத் தர்க்கம் செய்கிறது. ஓரத்தில் உள்ள நேர்கோடு ஓரத்தை ஒட்டியே படுக்க முடியும். மூன்று கிளை டைல் ஓரத்தில் இருந்தால் அதற்கு ஒரே நிலைதான். ஒரே கிளை கொண்ட இரண்டு முட்டுச்சந்து டைல்கள் ஒன்றையொன்று பார்த்தால் அந்த இரண்டும் தனித்தீவாகிவிடும், ஆகவே கூடாது. இப்படிப் போய் எங்காவது தடுமாறி நின்றால், பலகை முழுவதையும் தூக்கி எறியாமல் அந்தப் பகுதியை மட்டும் மாற்றிக் கட்டுகிறது ‘நெட்’. எப்படித் திருப்பினாலும் மாறாத நான்கு கிளை டைலை அது அடியோடு தவிர்க்கிறது. சுழற்ற வேண்டியிராத டைல் ஆட்டக்காரருக்கு இனாம்தானே!

எல்லாம் இணைந்தால் வெற்றி என்றான பிறகு, இரண்டு விடை இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். வெற்றியில் குறையில்லை, யோசனையில்தான் குறை. இரண்டு வழியும் சரியாக இருக்கும் இடத்தில் எந்தத் தர்க்கமும் ஒன்றைத் தேர்ந்து தராது, குருட்டாம்போக்கில் திருப்பித்தான் பார்க்க வேண்டும். கையால் செய்த புதிருக்கு இயந்திரப் புதிர் ஈடாகுமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஜப்பானின் நிகோலி பதிப்பகம் கையால் இழைத்த புதிர்களுக்கே பேர்போனது. மனிதர் திட்டமிட்டு வைக்கும் திருப்பம் அவற்றில் உண்டு, அதை இந்த நிரல் தராது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பேருந்துப் பயணத்துக்குள் பத்துப் புதிர்களை முடித்துவிடும் ஆட்டக்காரருக்கு யார் உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருப்பது?

பலகையின் அளவை விரல் தீர்மானிக்கிறது. தொடும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல். 7 சென்டிமீட்டர் அகலத் திரையில் ஏழு கட்டங்களுக்கு மேல் வைத்தால் பக்கத்து டைல் திரும்பிவிடும். ‘நெட்’டின் மூல நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. இப்படி ஒன்றைச் செய்ய விரும்புகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு, விடைகாணும் நிரலை முதலில் எழுதுங்கள். வண்ணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.