சும்மா இருக்கும் சர்வீஸை ஏன் நிறுத்த வேண்டும்?

கம்ப்யூட்டர் மந்தமானால் 'தேவையில்லாத சர்வீஸ்களை நிறுத்து' என்பது பழைய வைத்தியம். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அது பலித்தது. 64 எம்பி ரேமே போதும் என்ற காலம். பிரிண்டர் இல்லாத வீட்டிலும் பிரிண்ட் ஸ்பூலர், வயர்லெஸ் கார்டு இல்லாத மெஷினிலும் வயர்லெஸ் சர்வீஸ் என்று ஆளாளுக்கு இடம் பிடித்துக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்?

இன்று 8 ஜிபி ரேமில் அந்தக் கணக்கு செல்லாது. வேலை வராத சர்வீஸ் பிராசஸரைத் தொடுவதே இல்லை, தூங்குகிறது. 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல், தேவை எழும்போது மட்டும் தானே எழுந்துகொள்ளும் சர்வீஸ்களும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்று வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பலர். ஒன்று விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழக்கூடாது என்பதற்காக, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள மெஷின்களில் முன்பு கூட்டாக ஓடிய சர்வீஸ்களை 2017 முதல் விண்டோஸ் 10 தனித்தனியாகப் பிரித்துவிட்டது. கூட்டம் கூடியதுபோல் தெரிவது அதனால்தான்.

சர்வீஸ்களால் வேகம் குறையாது என்பதற்கு விதிவிலக்கு இரண்டு. நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைக் கவனித்து, முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைப்பது சிஸ்மெயின். விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்தது. ஃபைல்களைப் படித்துத் தேடலுக்கு அட்டவணை போடுவது விண்டோஸ் சர்ச். பழைய ஹார்ட் டிஸ்க்கில், மெஷினைப் போட்டதும் இவை டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொள்ளக்கூடும். எஸ்.எஸ்.டி. இருந்தால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. விண்டோஸ் சர்ச் சர்வீஸை நிறுத்தினால் ஃபைல் தேடுவது மெதுவாகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைவிடப் பாதுகாப்புதான் சர்வீஸை நிறுத்த நல்ல காரணம் என்பேன். 2021-ல் பிரிண்ட் ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, ஸ்பூலரையே நிறுத்திவைப்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன தற்காப்புகளில் ஒன்று. பிரிண்டரே இல்லாதவருக்கு அதில் நஷ்டம் ஏது?

நிறுத்துவதிலும் நிதானம் வேண்டும். ஒரு சர்வீஸை 'டிசேபிள்டு' என்று வைத்தால் எவர் கூப்பிட்டாலும் எழாது. அதை நம்பியிருக்கும் இன்னொன்றும் படுத்துவிடும். 'மேனுவல்' என்றால் வேறொரு புரோகிராம் கேட்கும்போது எழுந்து வரும். சந்தேகமானால் மேனுவலோடு விட்டுவிடுங்கள்.

முதலில் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். பிரிண்டர் கம்பெனி வைத்தது, என்றோ நீக்கிய சாஃப்ட்வேர் விட்டுப்போனது, அப்டேட் தேடி அலைவது என மிச்சமிருப்பவை கண்ணில் படும். கைவைக்க வேண்டியது அங்கேதான்.