ஒரே டப்பா, இரண்டு ஆரஞ்சு

"அண்ணா, ஒரே டப்பாவுலதான் ரெண்டையும் அடிச்சேன். இன்ஜின் ஒரு ஆரஞ்சா இருக்கு, பெட்டி ஒரு ஆரஞ்சா இருக்கு. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் இப்படிக் கேட்ட தம்பி, தினமும் விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போய் வேலை பார்க்கிறவர். 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு தங்கவயலில் பாதிப் பேர் பிழைப்பே அந்த ரயிலில்தான் ஓடுகிறது. ஆறு நாள் ரயிலில் நின்றுகொண்டு போய்விட்டு ஏழாம் நாள் வீட்டில் உட்கார்ந்து மாடல் ரயில் செய்கிறவரை என்ன சொல்வது? இரண்டு டீ சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். கடைக்காரர் மேல் தப்பில்லை. டப்பாவிலும் தப்பில்லை.

அவர் செய்வது அம்ரித் பாரத் ரயில். 2023 டிசம்பர் 30 அன்று அயோத்தியில் இரண்டு அம்ரித் பாரத் ரயில்களைத் தொடங்கிவைத்தார்கள். அதில் ஒன்று மால்டா டவுனிலிருந்து பெங்களூரு பையப்பனஹள்ளி வரை வருகிறது. முன்னால் ஒரு இன்ஜின் இழுக்க, பின்னால் ஒரு இன்ஜின் தள்ள, நடுவில் ஏ.சி. இல்லாத 22 பெட்டிகள். இன்ஜின்கள் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சனில் செய்தவை, பெட்டிகள் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரிப்பு. இன்ஜினின் ஆரஞ்சும் பெட்டியின் சாம்பல் உடம்பில் ஓடும் ஆரஞ்சுப் பட்டையும் ஒரே குடும்பம் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும் என்பதுதான் அந்த வண்டியின் வடிவமைப்பு. மேற்கு வங்கத்தில் அடித்த வண்ணமும் சென்னையில் அடித்த வண்ணமும் பிளாட்பாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒத்துப்போக வேண்டும். பெரிய ரயில்வேக்கே இது லேசான வேலை இல்லை.

நம் ரயில்வேயில் இன்ஜினும் பெட்டியும் நிறத்தில் ஒத்துப்போக வேண்டும் என்று வெகுகாலம் யாரும் கவலைப்பட்டதில்லை. நீராவி இன்ஜின் பெரும்பாலும் கறுப்பு, பெட்டி செங்காவி, அத்தோடு கதை முடிந்தது. டீசலும் மின்சாரமும் வந்தபின் ஒவ்வொரு லோகோ ஷெட்டும் தன் இன்ஜினுக்குத் தனக்குப் பிடித்த வண்ணம் பூசியது. செங்காவிப் பெட்டிகள் தொண்ணூறுகளில் நீலமாயின, பிறகு எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டிகள் சிவப்பும் சாம்பலுமாய் வந்தன. சிவப்புப் பட்டை போட்ட வெள்ளை வாப்-7 இன்ஜின் நீலப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பங்காருபேட்டையைத் தாண்டிப் போனபோது யாருக்கும் கண் உறுத்தவில்லை. விதிவிலக்குகள் உண்டு. 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸின் இன்ஜினுக்கும் பெட்டிக்குப் பொருத்தமாக வண்ணம் பூசினார்கள். அந்த வண்டியின் படம் இன்றைக்கும் மாடல்காரர்களின் போனில் இருப்பதற்கு அதுதான் காரணம். வந்தே பாரத்தில் இந்தத் தலைவலியே கிடையாது, தனி இன்ஜின் இருந்தால்தானே!

ஆகவே மாடல் செய்கிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, என் வண்டியில் இரண்டும் பொருந்தத்தான் வேண்டுமா என்று. வாப்-7-க்கும் நீலப் பெட்டிக்கும் பொருத்தம் தேடுவது வெட்டி வேலை. அம்ரித் பாரத்துக்குத் தேடித்தான் ஆக வேண்டும்.

தம்பி டப்பாவில் இருந்த நிற நம்பரை நம்பினார். நம்பருக்கு ஒரு மரியாதை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பெயிண்ட் நிறங்களுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 5 என்று ஒரு தரப்பட்டியல் இருக்கிறது. அதில் ஆக்ஸ்போர்ட் புளூ 105, கோல்டன் யெல்லோ 356, சிக்னல் ரெட் 537. பிரிட்டனின் பி.எஸ். 381சி பட்டியலிலும் இவற்றுக்கு இதே எண்கள்தான்; அங்கிருந்து வந்த வழி அப்படியே தெரிகிறது. ஜெர்மனியின் ரால் பட்டியல் 1927-லிருந்து இருக்கிறது. ஆனால் இந்த எண்கள் எல்லாம் கெட்டியாக, அடியில் இருப்பது தெரியாமல், நல்ல வெளிச்சத்தில் பார்க்கும் ஒரு அட்டையின் நிறத்தைத்தான் சொல்கின்றன. அடியில் என்ன இருக்கிறது, எத்தனை கோட் அடித்தீர்கள், மேலே என்ன வார்னிஷ் என்பதெல்லாம் எண்ணில் வராது.

தம்பி என்ன செய்திருந்தார் என்றால், இன்ஜினுக்கு வெள்ளை ப்ரைமர் அடித்து அதன்மேல் ஆரஞ்சு. பெட்டிக்கு முழுவதும் சாம்பல் அடித்துவிட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டி, பட்டை இருக்கும் இடத்தில் மட்டும் ஆரஞ்சு. கேட்க நியாயமான வரிசையாகத்தான் தோன்றும். சிக்கலே அங்குதான். ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் நிறமிகள் பெரும்பாலும் அடியை முழுசாக மூடாதவை. வெளிச்சம் பெயிண்டுக்குள் புகுந்து, அடியில் இருப்பதில் பட்டு, திரும்பி நிறத்தின் வழியாகவே வெளியே வருகிறது. அடியில் வெள்ளை இருந்தால் நிறைய வெளிச்சம் திரும்பும், நிறம் துள்ளும். அடியில் சாம்பல் இருந்தால் பாதி வெளிச்சத்தை அது விழுங்கிவிடும், ஆரஞ்சு மங்கிப் பழுப்படிக்கும். கையிலிருந்த டீயையே காட்டினேன். ஒரே கேனிலிருந்து கண்ணாடி கிளாஸில் ஒன்று, எவர்சில்வர் டம்ளரில் ஒன்று. இரண்டும் ஒரே டீ என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

"அப்போ இன்னும் நாலு கோட் அடிச்சா சரியாயிடுமா?" என்றார்.

கிட்டத்தட்ட ஆகலாம். ஆனால் தம்பி செய்யும் 1:87 அளவில் நாலு கோட் என்பது ஜன்னல் விளிம்பையும் கதவுக் கோட்டையும் மூழ்கடித்துவிடும். எல்.எச்.பி. பெட்டியின் 23.54 மீட்டர் நீளமே இந்த அளவில் 27 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது, அதில் ஒரு ஜன்னல் விளிம்பு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். (22 பெட்டியும் செய்தால் ஆறு மீட்டர் வரும். சுரங்க லைன் வீடுகளில் அவ்வளவு நீளத்துக்குச் சுவரே கிடையாது. தம்பி ஆறு பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்.)

சரியான வழி வரிசையைத் திருப்பிப் போடுவது. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் ஒரே வெள்ளை ப்ரைமர். அதன்மேல் ஒரே நாளில், ஒரே கலவையில், பெட்டியில் பட்டை வரும் இடத்துக்கும் இன்ஜினுக்கும் சேர்த்து ஆரஞ்சு. நன்றாகக் காய்ந்ததும் பட்டையின்மேல் டேப் ஒட்டிவிட்டு, மிச்ச உடம்புக்குச் சாம்பல். சாம்பலில் வெள்ளை நிறமி நிறைய இருப்பதால் அது எதையும் மூடும், அடியில் ஆரஞ்சு கசிந்திருந்தாலும் தெரியாது. ஒளி ஊடுருவும் நிறம் முதலில், மூடும் நிறம் பின்னால். இன்ஜின் உடம்பு வார்ப்பு உலோகம், பெட்டி பிளாஸ்டிக் என்று இருந்தாலும் ப்ரைமர் ஒன்றானால் பொருள் வித்தியாசம் மறைந்துவிடும்.

இதையும் செய்த பிறகு வித்தியாசம் தெரிந்தால் பளபளப்பைப் பாருங்கள். ஸ்ப்ரேயைத் தள்ளிப் பிடித்து அடித்தால் பெயிண்ட் காற்றிலேயே பாதி காய்ந்து தூளாகப் படியும். மேற்பரப்பு சொரசொரப்பாகி நிறம் வெளுத்துத் தெரியும். கிட்டத்தில் பிடித்து ஈரமாக அடித்தது பளபளத்து ஆழமாகத் தெரியும். கலர் ஒன்றுதான், வெளிச்சம் சிதறுகிற விதம்தான் வேறு. அதனால் புதுக் கலவை போடுவதற்கு முன்னால், இரண்டின்மேலும் ஒரே அரை-மேட் வார்னிஷை ஒரே கையோடு அடித்துப் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையிலேயே வித்தியாசம் காணாமல் போவதை நிறையத் தடவை பார்க்கலாம். செலவும் குறைவு.

அடுத்தது வெளிச்சம். டியூப் லைட்டின் கீழ் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் வெயிலில் பிரிந்துவிடும். வெவ்வேறு நிறமிகளைக் கலந்து ஒரே தோற்றத்தைக் கொண்டுவந்திருந்தால் இப்படி ஆகும், ஏனென்றால் டியூப் லைட்டின் ஒளியில் எல்லா நிறமும் சம அளவில் இல்லை. ஒரே பிராண்டிலேயே இன்ஜினுக்கும் பெட்டிக்கும் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். முடியாவிட்டால், மாடலை எந்த விளக்கின் கீழ் வைக்கப்போகிறீர்களோ அதன் கீழ் கலக்குங்கள். ஜன்னலோரம் நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

கலக்குவதுதான் சுவாரசியமான வேலை, கெட்டுப்போவதும் அங்கேதான். நிறம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் எல்லோர் கையும் கறுப்புக்குத்தான் போகும். மஞ்சளில் கறுப்பு விட்டால் பச்சை தட்டும், ஆரஞ்சில் விட்டால் சேறு. ஆரஞ்சின் துள்ளலை அடக்க அதற்கு எதிர் நிறமான நீலத்தில் ஊசிமுனை அளவு போதும். சிவப்பை வெளுக்க வெள்ளை விட்டால் ரோஸ் ஆகிவிடும், வெள்ளையோடு மஞ்சளும் ஒரு துளி சேர வேண்டும். சொட்டு சொட்டாக விட்டு, எத்தனை சொட்டு என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கலவையையும் ஐஸ்கிரீம் டப்பா மூடியிலிருந்து வெட்டிய ஒரு துண்டில், மாடலுக்கு அடித்த அதே ப்ரைமரின்மேல் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அக்ரிலிக் பெரும்பாலும் காயும்போது கறுக்கும்.

ஒப்பிடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. காய்ந்த துண்டைப் பெட்டியின்மேல் விளிம்போடு விளிம்பு இடைவெளி இல்லாமல் வைக்க வேண்டும். நடுவில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் கண் ஏமாந்து, பொருந்திவிட்டது என்று சொல்லும். இன்னும் சந்தேகம் இருந்தால் வெள்ளை அட்டையில் பஞ்சிங் மெஷினால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றின் வழியே துண்டையும் மற்றதன் வழியே பெட்டியையும் பாருங்கள். சுற்றியிருக்கும் நிறங்கள் மறைந்தவுடன் எது மஞ்சள் பக்கம் சாய்கிறது, எது சிவப்புப் பக்கம் சாய்கிறது என்று பளிச்சென்று தெரியும். மண்வாரி இயந்திரங்கள் செய்யும் பெமல் தொழிற்சாலையில் மஞ்சள் பெயிண்ட் அடித்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது தெருவில் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர்களுக்கு ஓட்டை போட்ட அட்டைகூட வேண்டாம்.

நிஜ வண்டியின் பெயிண்டையே கொண்டுவந்து அடித்தால்? அதுவும் உதவாது. 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று 1:87 மாடலைப் பார்ப்பது, நிஜ ரயிலை 50 மீட்டருக்கு மேல் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் காற்றும் தூசியும் நிறத்தைக் கொஞ்சம் வெளுத்துக் காட்டும். மாடலில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கனத்துப்போய்ப் பொம்மை மாதிரி இருக்கும். சில சொட்டு வெளுப்பு சேர்க்க வேண்டும். எத்தனை சதவீதம் என்று சூத்திரம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, நிறத்துக்கு நிறம் மாறும். எதைச் சேர்த்தாலும் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் ஒரே அளவில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ரெடிமேடாக வாங்கியவர்களின் கதை வேறு. நீல இன்ஜின் ஒரு கம்பெனி, நீலப் பெட்டி இன்னொரு கம்பெனி, இரண்டு நீலமும் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது. இன்ஜினைத் தொடாதீர்கள். அதிலுள்ள பொடி எழுத்தும் ஷெட் பெயரும் போனால் திரும்ப எழுத முடியாது. மாற்றுவதானால் பெட்டியை மாற்றுங்கள். அதற்கும் முன்னால் அழுக்கேற்றிப் பாருங்கள். ஓடுகிற எந்த வண்டியும் புதுசாக இருப்பதில்லை, பெட்டி ஒரு சமயம் பட்டறைக்குப் போகும், இன்ஜின் இன்னொரு சமயம் போகும், வெயில் இரண்டையும் வேறு வேறாக வெளுக்கும். சக்கரங்கள் இருக்கும் போகிக்குப் பக்கத்தில் பிரேக் தூள் துருப்பழுப்பாய் ஏறியிருக்கும். மாரிகுப்பம் வண்டி என்றால் இதோடு சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் வெளிறிய தூசியும் சேரும். அந்தத் தூசி நிறத்தைத் தண்ணீராய்க் கரைத்து இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரே சீராக அடித்தால், இரண்டு நீலமும் தூசிக்கு அடியில் ஒன்றாகிவிடும். மேலே ஒரு மேட் வார்னிஷ். இதற்குப் பிறகும் யாராவது வித்தியாசம் கண்டுபிடித்தால் அவருக்கு ரயில்வேயிலேயே வேலை கொடுக்கலாம்.

தம்பி டீயை முடித்துவிட்டு, ஆறு பெட்டிக்கு எவ்வளவு கலக்கணும் என்றார். எட்டுப் பெட்டிக்குக் கலந்துகொள்ளுங்கள். மிச்சத்தைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை ஊற்றி, மூடியில் தேதியையும் சொட்டுக் கணக்கையும் எழுதி வையுங்கள். ஆறோடு நிறுத்துகிறேன் என்று சொன்ன யாரும் இதுவரை ஆறோடு நிறுத்தியதில்லை.