மிதக்கும் மலைக்குக் கால் எங்கே?

ஃபுளோரிடாவின் நடுப்பகுதி சதுப்பு நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் எட்டிப் பார்க்கும். அங்கே பெரிதாக எதைக் கட்டினாலும், பெய்யும் மழை எந்தப் பக்கம் ஓடி எந்தக் குட்டையில் தேங்கும் என்று வரைபடம் போட்டு, தெற்கு ஃபுளோரிடா நீர் மேலாண்மை வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த வரைபடங்கள் பொது ஆவணங்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஆகவே டிஸ்னி நிறுவனம் தன் புதுத் திட்டத்தை எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தாலும், ரகசியம் முதலில் கசிவது மழைநீர் வடிகாலில்தான்.

கசிந்ததைப் பிடித்துக்கொள்ள ஒரு கூட்டம் எப்போதும் காத்திருக்கிறது. கேளிக்கைப் பூங்கா ரசிகர்கள் என்றால் ராட்டினத்தில் கத்துகிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் வேறு ஜாதி. வேலிக்கு மேலே தெரியும் கிரேனை எண்ணுவார்கள். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, போன மாதம் இல்லாத ஒரு இரும்புத் தூண் இந்த மாதம் எப்படி வந்தது என்று வாதாடுவார்கள். 2014 ஜனவரியில் டிஸ்னியின் 'அனிமல் கிங்டம்' பூங்காவின் ஒரு மூலையில் 12 ஏக்கரில் வேலை தொடங்கியபோது, அவர்களுக்குக் கிடைத்தது சாதாரணப் புதிர் அல்ல. ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' படத்தில் வந்த பண்டோரா உலகத்தை அங்கே கட்டப்போகிறார்கள். அந்த உலகத்தின் அடையாளமே ஆகாயத்தில் மிதக்கும் மலைகள். திரையில் மலையை மிதக்கவிடக் கணினி போதும். தரையில்?

மூன்று வருடங்களுக்கு மேல் அந்தக் கேள்வி விவாதிக்கப்பட்டது. பதிலைச் சொல்வதற்கு முன், படத்துக்குள் அந்த மலைகள் எப்படி மிதக்கின்றன என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் அதில் பாதி உண்மையான இயற்பியல்.

படத்தின் கதைப்படி, அந்த மலைகளுக்குள் இருக்கும் 'அனப்டேனியம்' என்ற கனிமம் ஒரு மீகடத்தி. மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும் பொருளுக்கு மீகடத்தி என்று பெயர். 1911-ல் டச்சு விஞ்ஞானி காமர்லிங் ஓனஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்தபோது இந்த விந்தையை முதலில் கண்டார். 1933-ல் ஜெர்மனியில் மைஸ்னரும் ஓக்ஸன்ஃபெல்டும் அதற்கு இன்னொரு குணம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்: மீகடத்தி தனக்குள் காந்தப்புலத்தை நுழையவிடாது, வெளியே தள்ளிவிடும். அந்தத் தள்ளல்தான் விஷயம். கல்லூரி ஆய்வகங்களில் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்த ஒரு கறுப்பு வில்லைக்கு மேல் சின்னக் காந்தம் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பண்டோராவில் காந்தத்தின் இடத்தில் நிலமும், வில்லையின் இடத்தில் மலையும் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் கேமரூனின் மிதக்கும் மலை வந்துவிடும்.

இடிக்கும் இடம் குளிர். 1987-ல் கண்டுபிடிக்கப்பட்ட புகழ்பெற்ற பீங்கான் வகை மீகடத்திக்கே சுமார் மைனஸ் 180 டிகிரி தேவை. காடு மண்டிய பண்டோராவின் வெப்பத்தில் மலை மிதக்க வேண்டுமென்றால், அறை வெப்பநிலையிலும் சாதாரண அழுத்தத்திலும் வேலை செய்யும் மீகடத்தி வேண்டும். அது இன்னும் யார் கைக்கும் அகப்படவில்லை. 2023-ல் தென்கொரியாவிலிருந்து 'எல்கே-99' என்ற பொருளைப் பற்றி வந்த அறிவிப்பு சில வாரங்களுக்கு உலகத்தையே பரபரப்பாக்கியது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அது மீகடத்தி இல்லை என்று தெரிந்தது. மீகடத்தியே இல்லாமலும் பொருட்களை மிதக்கவைக்க முடியும் என்பது தனிக் கதை. இயற்பியலாளர் ஆந்த்ரே கைம் 1997-ல் மிக வலிமையான காந்தப்புலத்தில் ஓர் உயிருள்ள தவளையை அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய கைகள் அவை. ஆனால் தவளையின் எடை சில கிராம்.

இன்னொரு பக்கம், அந்த மலைகளுக்கு நிஜ உலகத்தில் முன்மாதிரி உண்டு. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் சாங்ஜியாஜியே பகுதியில் மூவாயிரத்துக்கும் அதிகமான மணற்கல் தூண்கள் செங்குத்தாக நிற்கின்றன. பலவற்றின் உயரம் 200 மீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் பாறை வெடிப்புகளில் புகுந்த நீர் உறைந்து விரிவதும், மரவேர்கள் நெம்புவதும், மழை அரிப்பதுமாகச் சேர்ந்து ஒரு பீடபூமியையே தூண் தூணாகப் பிளந்துவிட்டன. மழை விட்ட காலையில் மூடுபனி கீழே தேங்கிவிட்டால் அடிப்பாகம் மறைந்து, மேல்பாகம் மட்டும் மிதப்பதுபோல் தெரியும். படம் வெளியான சில வாரங்களிலேயே, 2010 ஜனவரியில், அங்கிருந்த ஒரு தூணுக்கு 'அவதார் அல்லேலூயா மலை' என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஃபுளோரிடாவில் ஜோ ரோடி தலைமையில் வேலை செய்த வடிவமைப்பாளர்கள் கையாண்டதும் இதே உத்திதான். மலைக்குக் கால் உண்டு. பார்ப்பவர் கண் அதைக் காலாகப் பார்க்காது.

பனிக்குப் பதிலாக அவர்கள் கொடியை எடுத்துக்கொண்டார்கள். படத்திலேயே மலைக்கு மலை தடித்த கொடிகள் தொங்கும். அங்கே அவை எதையும் தாங்குவதில்லை. பூங்காவிலோ அவைதான் தூண்கள். கொடியின் பட்டைக்குள் இருப்பது கனமான எஃகு. அது ஒரு பாறையிலிருந்து புறப்பட்டு, வளைந்து, அடுத்த பாறையைத் தாங்கிக்கொண்டு போகிறது. தாங்குகிறவனைத் தொங்குகிறவனாக வேஷம் கட்டிவிட்ட இந்த ஒரு யோசனையை அந்த 12 ஏக்கரிலேயே மிகப் புத்திசாலித்தனமானது என்பேன்.

யோசனை எளிது, கணக்கு எளிதல்ல. சிற்பி மேசைமேல் ஒரு மீட்டர் உயரத்துக்குக் களிமண்ணில் மாதிரி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதையே 40 மடங்கு பெரிதாக்கினால், எடை 40-ஐ மூன்று முறை பெருக்கிய அளவு, அதாவது 64,000 மடங்கு ஆகும். அதைத் தாங்கும் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்போ 1,600 மடங்கு மட்டுமே கூடும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 40 மடங்கு சுமையைத் தாங்க வேண்டிவரும். கலீலியோ 1638-லேயே இதை எழுதிவைத்தார். எறும்புக்கு ஒல்லிக் கால் போதும், யானைக்கு உரல்போல் கால் வேண்டும் என்பதன் காரணமும் இதுதான். அதனால் பூங்கா மலைகள் உள்ளே கூடு. சிமெண்டுத் தோலின் தடிமன் சில சென்டிமீட்டர். தோல் தடிக்காதவரை எடை மும்மடிப் பெருக்கமாக ஏறாது.

கூடாக இருந்தாலும் அது பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. தண்ணீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவது ஒன்று, கையை நீட்டித் தூக்குவது இன்னொன்று. தோள் அறியும் அந்த வித்தியாசத்தை இங்கே அடித்தளம் அறிய வேண்டும். போதாததற்கு ஃபுளோரிடா புயல்களின் பாதையில் இருக்கிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். பாறை ஒழுங்கற்ற உருவம் என்பதால் காற்று அதை ஒரு நேரம் தள்ளும், ஒரு நேரம் தூக்கும், ஒரு நேரம் முறுக்கும். கொடிக்குள் இருக்கும் எஃகு எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

மேல்தோல் போடுவது எப்படி என்பது நமக்கு அந்நியமான விஷயம் அல்ல. கோயில் கோபுரத்தில் சுதை வேலை செய்பவரைப் பார்த்தவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். டிஸ்னியின் பெரிய பாறைகளுக்கு, முதலில் மாதிரிச் சிற்பத்தைக் கணினிக்குள் அளந்து ஏற்றுகிறார்கள். அந்தப் பரப்பைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கம்பிகளை இயந்திரத்தால் வளைத்துக் கூடு செய்கிறார்கள். ஒரு துண்டு போல இன்னொன்று இருக்காது. எண் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். எஃகுச் சட்டத்தில் மாட்டி முடித்ததும் கம்பிவலை, அதன்மேல் பீய்ச்சியடிக்கும் சிமெண்டுக் கலவை. அதற்குப் பிறகு இயந்திரம் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். கலவை இறுகுவதற்குள் இருக்கும் சில மணி நேரத்தில் கைக்கரண்டியும் தூரிகையுமாக மனிதர்கள் பாறையின் வெடிப்பையும் அடுக்கையும் செதுக்குகிறார்கள். இறுகிவிட்டால் போயிற்று.

கம்பியும் சிமெண்டும் ஒன்றாக வாழ்வது இயற்கை கொடுத்த அதிர்ஷ்டம். வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரிகின்றன. 40 மீட்டர் நீளமுள்ள எஃகு, வெப்பநிலை 25 டிகிரி ஏறினால் 12 மில்லிமீட்டர் நீளும். சிமெண்டு அதனோடு சேர்ந்து நீளாமல் அடம்பிடித்திருந்தால், மலை ஒரே கோடையில் தோலுரிந்திருக்கும்.

உயரத்துக்கும் ஒரு கூரை உண்டு. அமெரிக்காவில் 200 அடியைத் தாண்டிவிட்டால் விமானப் போக்குவரத்து விதிகள் குறுக்கே வரும். உச்சியில் எச்சரிக்கை விளக்கு மின்ன வேண்டியிருக்கும். பண்டோராவின் வானத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் எப்படி இருக்கும்! அதே பூங்காவில் 2006-ல் திறந்த 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்' மலையின் உயரம் 199.5 அடி. அந்த அரை அடிக்குள் இருக்கும் சாமர்த்தியத்தை ரசிகர்கள் மெச்சுவார்கள். அந்த மலைக்குள் ரயில் பாதை, மலைக்கூடு, எட்டி என்ற பனிமனிதனின் ராட்சத பொம்மை மூன்றும் ஒன்றை ஒன்று தொடாமல் தனித்தனியாக நிற்கும்படி கட்டினார்கள். ஆனாலும் எட்டி சில மாதங்களிலேயே அசையாமல் நின்றுவிட்டது. மின்னி மின்னி அணையும் விளக்கைப் போட்டு அசைவதுபோல் காட்டினார்கள். ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் 'டிஸ்கோ எட்டி'.

உயரம் போதாதபோது கண்ணை ஏமாற்ற வேண்டும். அடியில் பெரிய மரம், மேலே போகப்போகக் குட்டை மரம் என்று நட்டால், மூளை அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவது காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால். சாயம் பூசுகிறவர் உச்சியைச் சற்று வெளிறவைத்தால் நாலு கிலோமீட்டர் காற்றை ஒரு டப்பா பெயின்டில் வாங்கிவிடலாம். இந்த மலைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவற்றுக்குப் பின்னால், பறக்கும் அனுபவத்தைப் பெருந்திரையில் காட்டும் சவாரிக்கான பெரிய பெட்டிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. மிதக்கும் மலை இல்லாவிட்டால் அது வெறும் கிடங்குபோல் தெரியும்.

மரங்களைக் குட்டையாக்கும் வித்தை பழையது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1959 ஜூனில் திறந்த மேட்டர்ஹார்ன் மலையில் அது இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 'தேர்ட் மேன் ஆன் தி மவுண்டன்' படப்பிடிப்புக்குப் போன வால்ட் டிஸ்னி, அசல் மேட்டர்ஹார்னைப் பார்த்து மயங்கியதன் விளைவு அது. 4,478 மீட்டர் மலையை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி, 147 அடியில் நிறுத்தினார்கள். அதற்குள் ஓடும் ரோலர் கோஸ்டர்தான் எஃகுக் குழாயால் தண்டவாளம் போட்ட முதல் கோஸ்டர். மலை ஜூனில் திறந்தது. படம் திரைக்கு வந்தது நவம்பரில்.

பண்டோராவிலும் அதே வரிசை. முதல் படம் 2009-ல் வந்தது, பூங்காத் திட்டத்தை 2011-ல் அறிவித்தார்கள். 2014-ல் வர வேண்டிய இரண்டாம் பாகம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வசூலில் சாதனை படைத்திருந்தாலும் யாரும் ஒரு பாத்திரத்தின் பெயரைக்கூட ஞாபகம் வைத்திராத படத்துக்கு இவ்வளவு பெரிய இடமா என்று ரசிகர்களில் ஒரு சாரார் முணுமுணுத்தார்கள். நியாயமான முணுமுணுப்புதான். ஆனால் 2017 மே 27-ல் கதவு திறந்தபோது, மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றது பாத்திரங்களுக்காக அல்ல, இடத்துக்காக. படத்தின் நாயகர்களை முன்னிறுத்தாமல், போர் முடிந்து ஒரு தலைமுறை கழிந்த பண்டோராவைக் காட்டியதும் அதற்கு உதவியது. இரண்டாம் பாகமான 'தி வே ஆஃப் வாட்டர்' வந்தது 2022 டிசம்பரில். மலை அந்தப் படத்தைவிட ஐந்து வருடம் மூத்தது.

2024 ஆகஸ்டில் அடுத்த அறிவிப்பு வந்தது: கலிஃபோர்னியாவிலும் ஓர் அவதார் உலகம். இந்த முறை இரண்டாம் பாகத்தின் கடலும் அதில் உண்டு. கடலுக்கு எலும்புக்கூடு எப்படி இருக்கும் என்று பார்க்க வடிகால் வரைபடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபுளோரிடாபோல் அல்லாமல், டிஸ்னிலேண்ட் இருக்கும் ஆனஹெய்மில் பூங்காவை ஊர் நெருக்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்து ஹோட்டலில் மேல்மாடி அறை கிடைத்தால் போதும்.